பொழுது சாய்வதற்குள்: குச்சவெளிக் கரையோரக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்



இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய் என்று புல்மோட்டை வரை கரையோரமாகச் சிதறி வாழும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் பூசைக்குப் போகிறவர்களாக இருக்கலாம். மெதடிஸ்த ஆராதனைக்குப் போகிறவர்களாக இருக்கலாம். வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டு உபவாச ஜெபத்துக்குக் கூடுகிறவர்களாகவும் இருக்கலாம். ஆண்டவர் திரும்ப வருவார், அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் விசுவசிக்கிறீர்கள். அந்த விசுவாசத்தைப் பற்றித்தான் உங்களோடு முகத்துக்கு முகம் பேச விரும்புகிறேன்.

என் மனக்குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயத்தம் என்ற பேச்சு நம்மிடையே பெருகிவிட்டது. ஆயத்தமான வாழ்க்கை குறைந்துகொண்டு போகிறது. பிரசங்கத்தில் அதைக் கேட்கிறீர்கள். ஒலிபெருக்கியில் கேட்கிறீர்கள். கைப்பேசிக்கு வருகிற செய்திகளை ஒருவருக்கொருவர் அனுப்புகிறீர்கள். ஆனால் திங்கட்கிழமை காலை கடற்கரையிலும் சந்தையிலும் நம்மைப் பார்க்கிற அயலவருக்கு, இவர்கள் ஒருவரின் வருகைக்காகக் காத்திருக்கிற சனம் என்று தெரிகிறதா? நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்லுங்கள்.

ஆயத்தம் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2020 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். புதன்கிழமை. அன்றிரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில்தான் கரை ஏறியது. அதற்கு மூன்று நாள் முன்னர், ஞாயிற்றுக்கிழமை, திருவருகைக்காலம் தொடங்கியிருந்தது. அந்த ஞாயிறு கத்தோலிக்கப் பூசைக்குரிய நற்செய்தி, மாற்கு 13 ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி: வீட்டுக்காரர் எந்த நேரத்தில் திரும்புவார் என்று தெரியாது, ஆகவே விழித்திருங்கள் என்று இயேசு சொல்லும் இடம். கொரோனாக் காலத்தில் எத்தனை பேர் கோவிலில் இருந்து அதைக் கேட்டீர்களோ, எத்தனை பேர் வீட்டில் இருந்தீர்களோ, புதன்கிழமை பகல் எல்லோரும் அதைச் செய்துகாட்டினீர்கள்.

படகுகளைத் தள்ளி மேட்டுக்கு ஏற்றினீர்கள். எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். வலைகளைச் சுருட்டிக் கட்டினீர்கள். அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு முடிந்து அலுமாரி மேல் வைத்தீர்கள். நடக்க முடியாத கிழவியை முதலில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டீர்கள். பக்கத்து வீட்டில் ஆண்பிள்ளை இல்லையென்றால் அந்த வீட்டுத் தகரத்துக்கும் நீங்களே கயிறு போட்டுக் கட்டினீர்கள். புயல் வருகிறது, வருகிறது என்று ஊரெல்லாம் கத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவரை யாரும் ஆயத்தமானவர் என்று சொல்லவில்லை. கயிறு கட்டியவர்தான் ஆயத்தமானவர். கடலைப் பற்றிய விடயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், ஆண்டவரைப் பற்றிய விடயத்தில் ஏன் கத்துவதோடு நின்றுவிடுகிறோம்?

புரெவி சொல்லிவிட்டு வந்தது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை சொல்லாமல் வந்தது. நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு, போயா தினம். சுமாத்திராவுக்கு அருகில் கடலடி நடுங்கியது நம் நேரப்படி காலை ஏழு மணியளவில். கிழக்குக் கரைக்கு அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரமும் இந்துமாகடலில் எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. சனம் ஆராதனைக்கு வெளிக்கிட்டது, பிட்டு அவித்தது, கரையில் மீன் பிரித்தது. நிலாவெளியிலிருந்து வடக்கே கரை நெடுகச் சாவு விழுந்தது. அதன் பிறகு எச்சரிக்கைக் கோபுரங்களும் எச்சரிக்கை மையமும் வந்தன. 2012 ஏப்ரல் 11 இல் எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் மேட்டுக்கு ஓடினீர்கள். நல்லவேளையாகப் பெரிய அலை வரவில்லை. ஆனால் கோபுரத்தின் ஒலி காலைத்தான் ஓட வைக்கும். நேற்று இரவு மகனோடு போட்ட சண்டையை அது தீர்த்துவைக்காது. அலையில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களோடு இருந்து பேசிப் பாருங்கள். வீடு போனதைச் சொல்லி அழுகிறவர் குறைவு. கடைசியாகப் பேசிய சொல் கோபச் சொல்லாகப் போய்விட்டதே என்று அழுகிறவர்தான் அதிகம்.

இந்தத் துயரத்தின் மீது வேறொரு பாரத்தையும் ஏற்றிவிட்டார்கள். அதையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆழிப்பேரலை இந்தக் கரைக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று பிரசங்கித்தவர்கள் உண்டு. பிள்ளையைப் புதைத்த தாய் முன்வரிசையில் இருக்கும்போதே அப்படிப் பேசினார்கள். நாள் குறிக்கிறவர்களும் இருந்தார்கள். 2000 ஆம் ஆண்டு பிறந்தால் உலகம் முடியும் என்றார்கள். அமெரிக்காவில் ஒரு வானொலிப் பிரசங்கியார் 2011 மே 21 என்று நாள் வைத்தார். அந்த நாளும் மற்ற நாளைப்போல விடிந்து மறைந்தது. 2012 என்றார்கள். பிறகு கொரோனாத் தடுப்பூசியில் 666 இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் பயந்தீர்கள், நித்திரை முழித்தீர்கள், காணிக்கை கொடுத்தீர்கள். அந்தப் பயம் உங்களில் யாரையாவது பழைய கடனைத் திருப்பிக் கொடுக்க வைத்ததா? பேசாமல் இருந்த தம்பியின் வீட்டுப் படி ஏற வைத்ததா? பயம் ஆளை ஓட வைக்கும், திருத்தி நிறுத்தாது.

நாள் குறிப்பவர்கள் நீட்டும் அதே வேதத்தைத் திறந்து பாருங்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் மறுக்கிறார். நாளும் நாழிகையும் தமக்கே தெரியாது, தந்தைக்கு மட்டுமே தெரியும் என்கிறார். மத்தேயு 24 ஆம் அதிகாரத்தில், ஆயத்தமாயிருங்கள் என்று சொன்ன கையோடு அவர் காட்டும் ஆளைக் கவனியுங்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளை அவர் காட்டவில்லை. தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுக்கிற வேலைக்காரனைக் காட்டுகிறார். எசமான் வரப் பிந்துகிறார் என்று சொல்லிச் சக வேலைக்காரரை அடிக்கிறவனும், குடிகாரரோடு சேர்ந்து குடிக்கிறவனும்தான் அங்கே ஆயத்தமில்லாதவன். அடுத்த அதிகாரத்தின் முடிவில், நியாயத்தீர்ப்பில் கேட்கப்படுகிற கேள்விகளும் பசித்தவர், உடுப்பில்லாதவர், நோயாளி, சிறையிலிருப்பவர், அந்நியர் பற்றியவை. வருகையின் நாளை நீ சரியாகக் கணித்தாயா என்று அங்கே யாரிடமும் கேட்கப்படவில்லை.

தெசலோனிக்கேயாவிலும் இதே கதைதான் நடந்தது. ஆண்டவருடைய நாள் வந்துவிட்டது என்ற பேச்சு அந்தச் சபையைக் கலக்கியது. வேலை செய்யாமல் மற்றவர் அலுவல்களில் தலையிட்டுக்கொண்டு திரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள். பவுல் அவர்களுக்கு எழுதியது சுருக்கமான புத்தி: அமைதியாக உங்கள் வேலையைச் செய்து உங்கள் சோற்றைச் சாப்பிடுங்கள், நன்மை செய்வதில் சோர்ந்து போகாதீர்கள். ஆண்டவருக்காகக் காத்திருப்பதற்கு அவர் கண்ட சிறந்த வழி அதுதான்.

ஆகவே, ஆயத்தத்தை எங்கே தொடங்குவது? வேதம் பொழுது சாய்வதை எல்லைக்கோடாக வைக்கும் இரண்டு இடங்களைப் பாருங்கள். கூலிக்காரனின் கூலியைச் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பியே இருக்கிறான் என்கிறது மோசேயின் சட்டம். சூரியன் மறையும் வரை கோபத்தை வைத்துக்கொண்டிருக்காதே என்று எபேசியருக்கு எழுதுகிறார் பவுல். ஒன்று கடன், மற்றது கோபம். இரண்டுக்கும் ஒரே கெடு: இன்று மாலை. நாளைக்கு நாம் இருப்போம் என்று எழுதித் தந்தவர் யாருமில்லை என்பதால்தான் இந்தக் கெடு. நான் உங்களிடம் கேட்க வந்ததும் இதைத்தான். அதற்கு முன் இந்தக் கெடுவை நாம் எங்கெங்கே மீறுகிறோம் என்று ஒன்றாகப் பார்ப்போம்.

கரைவலையிலிருந்து தொடங்குகிறேன். விடியற்புறம் வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றை இடுப்பில் கொடுத்து, மணலில் குதிகால் புதையப் பின்னால் நடந்து நடந்து இழுப்பார்கள். வெயில் ஏறும். கயிறு தோலை உரிக்கும். மடி கரைக்கு வரும்போது சில நாள் சாளையும் கீரியும் துள்ளும், சில நாள் குப்பையும் சொறியும்தான் வரும். மீன் விலைப்பட்டதும் சம்மாட்டியின் பங்கு முதலில் போகும், எரிபொருளும் சாப்பாட்டுச் செலவும் போகும், மீதிதான் இழுத்தவர்களுக்கு. அந்த மீதியை, கையில் காசில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளுகிற சம்மாட்டியும், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேட்டுப் போட்டு முன்வரிசையில் இருக்கிறார். கயிறு இழுத்தவர் அன்று கடைக்காரரிடம் அரிசிக்குக் கடன் சொல்லி நிற்கிறார். யாக்கோபு தன் கடிதத்தில், கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும் அந்தக் குரல் ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். நம் செபம் எட்டுவதற்கு முன் அந்தக் குரல் எட்டிவிடும் என்று பயப்படுங்கள். பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

சம்மாட்டிக்கும் கஷ்டம் உண்டு என்பதை மறைக்கவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனபோது, எஞ்சின் வைத்திருந்தவர்கள் படகைக் கரையில் போட்டுவிட்டு இருந்ததை மறக்க முடியாது. ஆனால் கஷ்டம் வரும்போது அதை நமக்குக் கீழே நிற்கிறவரின் தலையில் இறக்கிவைப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. சம்மாட்டி கூலிக்காரரிடம் இறக்குகிறார். கூலிக்காரர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் இறக்குகிறார். அந்த மனைவியோ நுண்கடன் நிறுவனத்துக்கு வாரத் தவணை கட்ட வழியின்றி, காதில் கிடந்ததை அடகு வைத்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறார். உங்கள் செபக்கூட்டத்துக்கு வருகிற பெண்களில் எத்தனை பேர் தவணை நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள் என்று விசாரித்ததுண்டா? அவர்களுக்காகக் கைகளை உயர்த்திச் செபித்தால் மட்டும் போதாது. அவர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பணம் இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள்.

கடலுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். வெடி போட்டு மீன் பிடிப்பதை 1996 இன் கடற்றொழில் சட்டம் தடுத்திருக்கிறது. 2003 இல் தேசியப் பூங்காவாக்கிய புறாத்தீவைச் சுற்றிய முருகைக்கல் நம் கண்ணெதிரே கிடக்கிறது. அப்படியிருந்தும் திருகோணமலைக் கடலில் வெடிச்சத்தம் ஓயவில்லை. ஒரு வெடியில் மேலே மிதப்பது அன்றைய வருமானம். கீழே நொறுங்குவது பிள்ளைகளின் வருமானம். வெடி போடுகிறவரில் கிறிஸ்தவரும் உண்டு, அவருடைய மீன் என்று தெரிந்தே வாங்கி விற்கிற கிறிஸ்தவரும் உண்டு. பேதுருவும் அந்திரேயாவும் மீன்பிடிகாரர் என்று பெருமையாகச் சொல்லும் சனம் நாம். நடுக்கடலில் யார் பார்க்கப் போகிறார் என்று கையை நீட்டுகிறவர், ஆண்டவர் எப்போதும் வரலாம் என்று சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

அடுத்தது கோபம். இந்தக் கரையில் நம் தொகை கைவிரலில் அடங்குகிற அளவு. அதற்குள்ளும் எத்தனை வேலி! எல்லைக்கல் ஒரு முழம் தள்ளி நட்டதற்காக, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் பல வருடமாக முகம் பார்ப்பதில்லை. சீதனக் காணிக்காக அக்காவும் தங்கையும் ஒரே கோவிலில் வேறு வேறு பக்கம் இருக்கிறார்கள். நற்கருணை வாங்குகிறார்கள், அப்பமும் ரசமும் எடுக்கிறார்கள், ஒருவரோடொருவர் பேசுவதில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று ஆண்டவர் சொன்னதை, இவர்கள் நூறு தடவை கேட்டிருப்பார்கள்.

சபைகளுக்கிடையிலான கோபம் இதைவிட மோசம். நம் மாவட்டத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் கடைசிக் காலத்தில் சபை மாறியவர். அவரோடு ஒரே படகில் கடலுக்குப் போன முதியவர், வீட்டு வாசலுக்கு வராமல் ஒழுங்கையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போனால் தன் பக்கத்தார் ஏதும் சொல்வார்களோ என்று அவருக்குத் தயக்கம். உள்ளே இருந்தவர்களும் அவரை வாருங்கள் என்று அழைக்கவில்லை. பிரேதம் வெளியே வந்தபோது அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டினார்; வண்டி போகும்வரை அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். சபையின் பெயரால் ஒரு மனிதனுக்குக் கடைசி மரியாதை செலுத்தக்கூட விடாத பக்தி யாருடைய வருகைக்கு ஆயத்தம் செய்கிறது? மற்றவர் இரட்சிக்கப்படவில்லை என்று ஒரு பக்கத்தார் தீர்ப்புச் சொல்கிறீர்கள். மற்றவர் காசுக்கு மாறியவர் என்று மறுபக்கத்தார் சொல்கிறீர்கள். இரண்டு தீர்ப்பையும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவரிடம் ஒப்படையுங்கள்.

இன்னும் ஒரு கோபம் இருக்கிறது. அது வெளியே தெரியாமல் உள்ளே கிடக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிச் செபஸ்தியார் கோவில், நமக்குத் தெற்கே மட்டக்களப்பு சீயோன் தேவாலயம்: மூன்றிலும் குண்டு வெடித்தது. சீயோனில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளையே பறிகொடுத்தோம். அந்தக் காயம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று யாரையும் அவசரப்படுத்தவும் கூடாது. ஆனால் குண்டு வைத்தவர்களுக்கும், குச்சவெளியில் உங்களோடு ஒரே தண்ணீர் வண்டிக்கு வாளி வைத்து நிற்கிற முஸ்லிம் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு? இந்தப் பிரதேசத்தில் பெரும்பான்மை அவர்கள். உங்கள் மீனை வாங்குகிறவர் அவர், உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர், நடுச்சாமத்தில் பிரசவ வலி என்றால் ஓட்டோவைக் கொண்டுவருகிற நானாவும் அவர்தான். 2019 இற்குப் பிறகு அவர்களுடைய கடைப் பக்கம் போகாதீர்கள் என்று செய்தி பரப்பியவர்களில் நம்மவரும் இருந்தார்கள். பிறகு 2020 இலும் 2021 தொடக்கத்திலும் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, குடும்பத்தார் கதறக் கதற, அரசு எரித்தது. பிறந்து 20 நாளான பாலகனையும் எரித்தது. அதைக் கண்டித்துக் குரல் கொடுத்த கிறிஸ்தவர்கள் உண்டு. நம் கரையிலிருந்து எத்தனை குரல் எழுந்தது? பிரேதத்தைப் பக்தியோடு அடக்கம் செய்வதை விசுவாசத்தின் பகுதியாகக் கொண்ட நமக்கு அந்த வலி புரியாமல் போகாது. பகைவரையும் நேசிக்கச் சொன்னவரின் பிள்ளைகள், பகைவரே அல்லாத அயலவரோடு கோபத்தை வைத்துக்கொண்டு எத்தனை சூரியனை மறையவிட்டோம்!

இதெல்லாம் சமூக சேவை, இதில் ஆவிக்குரியது எங்கே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில் இது: செபமில்லாமல் இதில் ஒன்றையும் நம்மால் செய்ய முடியாது. கடனை ஒப்புக்கொள்ளவும் கோபத்தை விடவும் மனித மனம் தானாக இணங்காது. தினமும் ஆண்டவர் முன் உட்கார்ந்து அதை இணங்க வைக்க வேண்டும். இதற்குரிய பழக்கம் உங்கள் எல்லோருடைய மரபிலும் இருக்கிறது. திருகோணமலை மறைமாவட்டத்தில் நீண்டகாலம் பணியாற்றிய இயேசு சபைக் குருக்கள், அன்றாடம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து ஆன்ம சோதனை செய்யும் இஞ்ஞாசியாரின் வழியில் வளர்ந்தவர்கள். மெதடிஸ்தரின் தந்தை ஜோன் வெஸ்லி சனத்தைச் சிறு சிறு வகுப்புகளாகப் பிரித்து, வாரந்தோறும் ஒவ்வொருவரின் ஆத்துமா எப்படியிருக்கிறது என்று விசாரிக்க வைத்தார். பெந்தெகொஸ்தே சபையார் முழு இரவும் விழித்து மனந்திருந்திச் செபிக்கிறீர்கள். வழி இருக்கிறது, அதில் தினமும் நடப்பதுதான் விட்டுப்போயிருக்கிறது.

அப்படி நடந்தவர்களை இந்த மண் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து கிழக்கு மாகாணத்துக்கு வந்து, பிள்ளைகளுக்குப் படிப்பும் கூடைப்பந்தும் சொல்லிக்கொடுத்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட்டை மூத்தவர்கள் அறிவீர்கள். 1990 ஆகஸ்ட், கிழக்கு முழுவதும் இரத்தம் ஓடிய மாதம். வன்செயலில் அகப்பட்டிருந்தவர்களைக் காப்பாற்றுவதற்காக வாழைச்சேனைக்குப் போனவர், ஆகஸ்ட் 15 ஆம் திகதி மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூடவந்த இளைஞரோடு காணாமல் போனார். இன்றுவரை அவர்களைப் பற்றித் தகவல் இல்லை. அவரை ஆண்டவர் தேடி வந்த நேரத்தில் அவர் வேறு விசேடமான எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. அன்றைய வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஆயத்தமாக இருந்தார் என்று அவரைப் பற்றித் தயங்காமல் சொல்லலாம்.

இப்போது என் வேண்டுகோள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வருகிற திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி டிசம்பர் 26 வரை, ஒவ்வொரு நாளும் பொழுது சாய்கிற நேரத்தில், வீட்டில் எல்லோரும் கொஞ்ச நேரம் ஒன்றாக இருங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். செபமாலை சொல்கிறவர்கள் சொல்லுங்கள், வேதம் வாசிக்கிறவர்கள் வாசியுங்கள். அதன் முடிவில் ஒவ்வொருவரும் இரண்டு கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளட்டும்: இன்று நான் யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை? யார் மீது கோபத்தை வைத்துக்கொண்டு இருக்கிறேன்? விடை வந்தால் அப்போதே எழுந்து போங்கள். பத்து வீடு தள்ளியிருந்தாலும் போங்கள். முழுக் கூலியும் கையில் இல்லையென்றால் இருப்பதைக் கொடுத்து, மீதிக்குத் திகதி சொல்லுங்கள். நெடுநாள் பேசாதவர் கதவைத் திறக்காவிட்டால், வந்துவிட்டுப் போனதாகவாவது சொல்லிவிட்டு வாருங்கள், நாளைக்கும் போங்கள்.

பங்குத்தந்தையரிடமும் போதகர்களிடமும் பாஸ்டர்களிடமும் தனியாக ஒன்று கேட்கிறேன். இதை உங்கள் சனத்துக்குச் சொல்வதற்கு முன், உங்களுக்குள் செய்து காட்டுங்கள். ஒருவர் மற்றவரின் வீட்டுக்குப் போங்கள். டிசம்பர் 26 காலை 9.25 இற்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும்போது, தனித்தனிக் கொட்டகைகளில் நிற்காமல் கரையில் ஒன்றாக நில்லுங்கள். அலையில் உறவிழந்த முஸ்லிம், இந்து அயலவரையும் அழையுங்கள். அங்கே பிரசங்கம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். நாம் ஒன்றாக நிற்பதை நம் பிள்ளைகள் பார்த்தால் போதும்.

இதைப் படித்து முடித்ததும் உங்களில் பலருக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும்: கூலி பாக்கி வைத்த ஒரு தம்பி, பேசாமல் விட்ட ஒரு அக்கா, கடை மாற்றிப் போனதால் மனம் நொந்த ஒரு நானா. டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள், முதல் ஞாயிறு வரையும் காத்திருக்காதீர்கள். இன்று பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டுக்குப் போங்கள்.

ஆண்டவரில் உங்கள் சகோதரன்,
திருகோணமலையிலிருந்து